ஆளுக்கு ஐந்து நிமிடம்

தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே மானேஜர் சுரேஷ்குமார், ரிசப்ஷனில் வேலை பார்க்கும் ஆனந்தவள்ளியைக் கன்னத்தில் அறைந்து எட்டு நாளாகிவிட்டது. தனக்கு வேண்டிய ஒருவரை வரிசை தாண்டி உள்ளே விடச் சொன்னான். லால்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து டோக்கன் வாங்கியவர்கள் காத்திருக்கிறார்கள் என்றாள். அதற்குத்தான் அந்த அறை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்று அவளை மட்டும் அனுப்பிவிட்டார்கள்.

விசாரிக்க வந்தவர் ஸ்ரீரங்கத்து அழகர்சாமி, ரிட்டயர் ஆன அதிகாரி. நாலு வார்த்தை பேசினால் அதில் ஒன்று ‘நடுநிலை’ என்பதாக இருக்கும். வந்ததும் இரண்டு நாற்காலிகளைத் தன் மேஜையிலிருந்து சம தூரத்தில் இழுத்துப் போட்டார். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று செல்போனில் அலாரம் வைத்தார்.

கையை ஓங்கவே இல்லை என்றான் சுரேஷ்குமார். நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதியில் அவருடைய முழங்கால் வலியை விசாரித்தான்.

ஆனந்தவள்ளி சொன்னது கொஞ்சம்தான். “ரிசப்ஷன்ல கேமரா இருக்கு சார். போட்டுப் பாருங்க.”

“அதைப் பாத்தா ஒருத்தருக்குச் சாதகமாப் போயிடும்மா. நான் நடுநிலையா இருக்கணும்ல?”

கேலி இல்லை. மனிதர் நம்பித்தான் சொன்னார். அவளுக்கு அதுதான் ஆத்திரம். அயோக்கியன் என்றால் திட்டிவிட்டாவது போகலாம்.

“அடிச்சவனையும் அடிவாங்கினவளையும் ஒரே மாதிரி பாக்குறதுக்குப் பேரு நடுநிலையா சார்?”

“ஏய், மரியாதையாப் பேசு,” என்றான் சுரேஷ்குமார்.

“குறுக்க பேசாதீங்க தம்பி. இது அவங்க நேரம்.” அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அலாரம் அடித்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ‘அடித்ததற்கு ஆதாரம் இல்லை. விசாரணை பாரபட்சமின்றி நடந்தது.’

“இது எப்ப சார் பிரிண்ட் எடுத்தது?”

“காலைல, வீட்டுலயே.” மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. “கையெழுத்துப் போட்டா நாளைக்கே வேலைக்கு வந்துடலாம்மா.”

பாரபட்சமின்றி என்ற சொல்லின்மேல் தாள் கிழிய ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் ‘கேமரா பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

“கெடுத்துட்டியேம்மா. இது செல்லாது. வேற காப்பி தரேன், ஒழுங்காப் போடு. இல்லேன்னா வேலை கெடையாது.”

“குடுங்க.”

இரண்டாவதிலும் அதையே எழுதினாள். மூன்றாவதை அவர் எடுக்கவில்லை.

கேமராவில் பதிவு பதினைந்து நாள்தான் நிற்கும். இன்னும் ஏழு நாள் இருந்தது. செல்லாத தாள் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு, அவள் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.