ஓல்ட்ராய்டின் இரைச்சல் குறிப்பேடு

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஸ்கெல்பி நகரக் கவுன்சிலின் இரைச்சல் பிரிவில் வேலை பார்க்கிறேன். இயற்பியல் படித்தவள். பக்கத்தில் சத்தம் என்று யாராவது புகார் செய்தால் ஒரு குறிப்பேடு அனுப்புவோம். நான்கு கட்டங்கள்: தேதி, நேரம், என்ன சத்தம், அது உங்களை எப்படிப் பாதித்தது.

நான்காம் கட்டத்தில் எல்லோரும் 'தலைவலி' என்று எழுதுவார்கள். டெரிக் ஓல்ட்ராய்ட் எழுதியிருந்தது: 'இரண்டாம் பாட்டிலேயே ஃபிடிலில் சுருதி இறங்கிவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.'

இப்படிப் பதினோரு பக்கம்.

2

வேறு மாதிரிதான் தொடங்கியிருந்தேன்:

மழை பெய்துகொண்டிருந்தது. 'கறுப்பு ஆடு' பப்பின் சன்னல்களில் மஞ்சள் வெளிச்சம் தன் தனிமையை

(நிறுத்திவிட்டேன். ஸ்கெல்பியில் மழை ஒரு செய்தியே இல்லை. வெளிச்சத்துக்குத் தனிமை உண்டா என்று அளக்க என்னிடம் கருவியும் இல்லை.)

விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பு ஆட்டில் வியாழன்தோறும் பாட்டு. அடுத்த வீடு ஓல்ட்ராய்டுடையது. அவருடைய புகாரால் பப்பின் உரிமம் மறுபரிசீலனைக்கு வந்துவிட்டது. உரிமக் குழு நினைத்தால் பாட்டை அடியோடு நிறுத்தலாம். பப்பை நடத்தும் லொரைன் தொலைபேசியில் சொன்னார்:

"வியாழக்கிழமை ஒருநாள்தான் கண்ணு கூட்டமே வருது. அதுவும் போச்சுன்னா சாவிய கட்டடத்துக்குச் சொந்தக்காரங்களான பீர் கம்பெனிகிட்ட குடுத்துட்டு எங்க அக்கா வீட்டுல போய் இருக்க வேண்டியதுதான். எங்க அக்காவ நீ பாத்ததில்ல."

நான் "சரி" என்றேன். தொலைபேசியில் எனக்கு வரும் ஒரே சொல் அது.

3

அளக்கப் போனேன். ஓல்ட்ராய்டின் படுக்கையறையில், கட்டிலின் ஓரத்தில், மடியில் மீட்டருடன் உட்கார்ந்தேன். அவர் சுவரோரம் நின்றார். சன்னல் திறந்திருந்தது.

"இப்பப் பாரு கண்ணு, இந்த எடத்துல ட்ரம் அடிக்கிறவன் தாளத்த விட்டு முன்னால ஓடுவான்."

ஓடினார்.

"சொன்னேனா? அவனுக்கு பஸ் புடிக்கணும்."

"மிஸ்டர் ஓல்ட்ராய்ட், கொஞ்சம் பேசாம இருங்க. உங்க குரலும் மீட்டர்ல பதியுது."

"எவ்ளோ காட்டுது?"

"அவங்கள விட நீங்க ஜாஸ்தி."

அவர் குரலை நீக்கிவிட்டால் வரம்புக்கு மேல் மூன்று டெசிபல். புகார் நியாயமானதுதான். இதை நான் மாற்றப்போவதில்லை. கதையில் எதை வேண்டுமானாலும் மாற்றுவேன், அளவுகளை மாற்ற மாட்டேன்.

(இங்கே ஓல்ட்ராய்டுக்கு ஒரு சோகம் கொடுக்க நினைத்தேன். இறந்துபோன மனைவி, முன்பு அதே பாட்டுக் குழுவில் பாடியவள். நீங்கள் அவரை உடனே மன்னித்திருப்பீர்கள். ஆனால் ஜீன் ஓல்ட்ராய்ட் நன்றாகவே இருக்கிறார். கீழே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சத்தத்தையும் அளந்தேன். அந்த அளவு இங்கே வேண்டாம்.)

4

இனி என் தவறு. குறிப்பேட்டைச் சுருக்கி அரைப் பக்கமாகத்தான் அறிக்கையில் சேர்க்க வேண்டும். எனக்குச் சுருக்க மனம் வரவில்லை. பதினோரு பக்கத்தையும் அப்படியே இணைத்துவிட்டேன். விதிப்படி ஒரு பிரதி லொரைனுக்குப் போனது. அவர் அதை பப்பின் சுவரில் குத்திவைத்தார், எல்லோரும் பார்த்துச் சிரிக்கட்டும் என்று.

பாட்டுக் குழு படித்தது. முதலில் சிரித்தார்கள். பிறகு ஃபிடில்காரர் கிரெய்க், "இரு, இரு, ரெண்டாவது பாட்டுல நெஜமாவே எறங்குதுல்ல?" என்று கேட்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமைகளில் ஒத்திகை தொடங்கியது. உரிமக் குழுவின் விசாரணைக்கு முந்தைய வியாழன், ஓல்ட்ராய்டின் நான்காம் கட்டத்தில் ஒரே வரி: 'சீக்கிரம் முடித்துவிட்டார்கள்.'

5

விசாரணை. தலைவர் கவுன்சிலர் ஹில்டா பீவர் அந்த வரியை உரக்கப் படித்தார்.

"மிஸ்டர் ஓல்ட்ராய்ட், அப்ப புகார வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

"எதுக்கு? நான் வாபஸ் வாங்கினா அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

"யோவ் டெரிக், உள்ள வந்து உக்காந்து கேளேன்யா! மொத கிளாஸ் என் செலவு," என்றார் லொரைன்.

"உள்ள உக்காந்தா நானும் கைதட்டணும். கைதட்டிட்டு எப்படிக் கொறை சொல்றது?"

ஹில்டா பீவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் சொன்னதுதான் நியாயமான யோசனை: பாட்டு இருக்கட்டும், ஆனால் எட்டு மணிக்கு மேல் பப்பின் சன்னல்கள் மூடியிருக்க வேண்டும், இரட்டைக் கண்ணாடி போட வேண்டும். லொரைன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மனக்கணக்குப் போட்டேன். பன்னிரண்டு டெசிபல் குறையும். கதை இங்கே முடிந்திருக்கலாம்.

ஓல்ட்ராய்ட் எழுந்தார்.

"அப்ப எனக்கு எப்படிங்க கேக்கும்?"

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் ஓல்ட்ராய்ட் மனம் மாறி பப்புக்குள் போகிறார்; அவர் அப்படிப்பட்டவர் இல்லை. இரண்டாவதில் நான் எழுந்து நின்று அருமையாகப் பேசுகிறேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை. மூன்றாவதில்

(வேண்டாம். அதில் லொரைன் அக்கா வீட்டுக்குப் போகிறார்.)

நடந்தது இவ்வளவுதான். சன்னலை மூட வேண்டும் என்பது ஹில்டா பீவரின் வாக்கு. இன்னொரு உறுப்பினரான நைஜல், புகார் கொடுத்தவருக்கே தீர்வு பிடிக்கவில்லை, பப்பின் சன்னல் திறந்திருந்தால் வரம்பு மீறுகிறது, ஆகவே பாட்டையே நிறுத்திவிடுவதுதான் சட்டம் என்றார். ஒன்றுக்கு ஒன்று.

உரிமக் குழுவில் மூன்று பேர் இருக்க வேண்டும். நான் இரண்டு பேரைத்தான் எழுதியிருக்கிறேன். மூன்றாமவருக்குப் பெயர் தேடினேன், முகம் தேடினேன். அமையவில்லை. நாற்காலி மட்டும் இருக்கிறது.

அதில் நீங்கள் உட்காருங்கள். என் அறிக்கை உங்கள் முன்னால் இருக்கிறது; அளவுகள் சரியானவை. அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். லொரைன் உங்களைத்தான் பார்க்கிறார்.