இரண்டு மாத மருந்து

சிங்கப்பூரில் இது நடந்தது எண்பத்தெட்டா எண்பத்தொன்பதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மற்றதையாவது சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்பதும் சந்தேகம்தான்.

மரியஅந்தோணிக்கு எய்ட்ஸ் கிருமி இருப்பது, அவன் மருந்து வாங்கும் கிளினிக்கில் நர்ஸாக இருந்த அல்போன்சம்மாளுக்குத் தெரியும். இருவருக்கும் ஒரே மாதா கோயில். அங்கே பார்த்தால் தலையசைக்கக்கூடாது என்று முதல் நாளே கேட்டுக்கொண்டான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து, ரத்தம் கொடுத்து, மருந்து வாங்க வேண்டும்.

"சாங்கி ஏர்போர்ட் கார்கோல ஒரே பேச்சு, மிஸி. இத்தனை லீவு எடுக்கிறானே, சின்ன வீடு வச்சிருக்கான்னு சொல்றானுங்க. ரெண்டு மாசத்துக்குச் சேர்த்துக் குடுங்களேன்."

"குடுத்தா பாதியில நிறுத்திடுவே, தம்பி. கண்ணால பார்த்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

"நான் சின்னப் பிள்ளை இல்ல லா."

ரத்தம் சீராக இருந்ததால் டாக்டர் சம்மதித்தார். அல்போன்சம்மாள் எடுத்துக் கொடுத்தாள்.

ஐந்து வாரம் அவன் கண்ணில் படவில்லை; கோயிலுக்கும் வரவில்லை. போன் செய்தால் அவன் அம்மா எடுப்பாள்; அல்போன்சம்மாள் யாரென்று சொல்லாமல் வைத்துவிடுவாள். மருந்தை விட்டிருப்பான் என்றே அவளுக்குப் பட்டது. ஒரு சனிக்கிழமை, நோயாளிகளுக்கான மன்றாட்டுப் பெட்டியில் அவன் பெயரை எழுதிப் போட்டாள். கேட்பவர் பெயரும் சீட்டில் இருக்க வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். கைப்பழக்கத்தில் தன் பெயரையும் எழுதினாள்.

மறுநாள் பூசையில் உபதேசியார் வாசித்தார்: "அல்போன்சம்மாள் கேட்டுக்கொண்டபடி, நோயுற்றிருக்கும் மரியஅந்தோணிக்காக மன்றாடுவோம்."

அவள் வேலை செய்வது எய்ட்ஸ் கிளினிக்கில் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்ற பதில் பாதிப் பேரிடமிருந்துதான் வந்தது. மற்றவர்கள் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு, அம்மாவுக்குப் பக்கத்தில், அவன் நின்றிருந்தான்.

வாசலில் அவன் குரலை உயர்த்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை எல்லாம் ஓவர்டைம், அக்கா. ஒரு மாத்திரை விடல." மணிக்கட்டைக் காட்டினான். மாத்திரைக்காக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒலிக்கும் கடிகாரம். "உங்களுக்கு நம்பிக்கை வர இன்னும் என்ன செய்யணும்?"

அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மருந்துக்கு அவன் வரவில்லை. 'இரண்டு மாத மருந்து கொடுத்தோம். நோயாளி திரும்பவில்லை' என்று டாக்டர் எழுதினார். எல்லா நோயாளிகளுக்கும் இனி இரண்டு வாரம்தான் என்று ஆயிற்று. காரணம் அதுவல்ல என்று அல்போன்சம்மாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறு ஆண்டு மரியஅந்தோணி தெம்பனிஸில் தன் வீட்டிலேயே இறந்தான். அவன் அம்மா வேறு கோயிலுக்கு மாறிவிட்டாள். டாக்டர் வெளிநாடு போனார். அல்போன்சம்மாள் ஓய்வு பெறும்வரை அங்கேயே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.