சாம்பலுக்குக் கட்டிய முக்காடு

கால்நடை டாக்டருக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. அண்ணனுடைய குதிரை லாயத்தின் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். சாம்பல் என்ற பெண்குதிரையை ஏற்றிப்போக லாரி வந்துகொண்டிருந்தது.

"போன வருஷமும் சினை நிக்கலை. மலட்டுக் குதிரைக்கு எத்தனை நாள்தான் தீனி போடுறது? வித்துட வேண்டியதுதான்" என்று அண்ணன் காலையிலேயே முடிவாகச் சொல்லிவிட்டார்.

குளிர்காலத்தில் பகல் சுருங்கினால் பெண்குதிரையின் சினைப்பை தூங்கிவிடும். இருட்டில் ஊறும் ஒரு ஹார்மோன் மற்ற ஹார்மோன்களை அடக்கி வைக்கும். பகல் நீண்டால் எல்லாம் தானாக விழிக்கும். அதுவரை பொறுக்க அண்ணனுக்கு ஏது பொறுமை? அதனால் பொழுது சாய்ந்த பிறகும் லாயத்தில் விளக்கெரிய ஏற்பாடு செய்திருந்தாள் டாக்டர், குதிரைகளை ஏமாற்றத்தான். மற்றவை ஒழுங்காக ஏமாந்தன. வாலைத் தூக்கிக்கொண்டு பொலிகுதிரை இருக்கும் பக்கமே பார்த்து நின்றன. சாம்பல் மட்டும் மசியவில்லை. ஸ்கேனில் அதன் சினைப்பை சின்னக் கல் மாதிரி கிடந்தது. படித்து என்ன கிழித்தோம் என்று டாக்டருக்குத் தன்மேலேயே எரிச்சல்.

எப்போதும் காலையில்தான் வருவாள். இன்று மனசு கேட்காமல் சாயங்காலமும் வந்துவிட்டாள். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. சாம்பலின் கொட்டிலை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். குதிரையின் தலையில் பழைய கம்பளியில் தைத்த முக்காடு. கண்களை மூடி, கீழே இழுத்துக் கட்டியிருந்தது.

"ஐயோ, யார் பண்ண வேலை இது?"

தீனித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தாள். "நான்தான். தினமும் சாயங்காலம் கட்டிவிடுவேன், விடிஞ்சதும் அவுத்துடுவேன். ஏன், தப்பா?"

"குடியைக் கெடுத்தீங்களே அண்ணி! கண்ணுல வெளிச்சம் பட்டாத்தானே அவளுக்குப் பகல்? குளிர்காலம் பூரா இருட்டுலயே நின்னிருக்கா!"

அண்ணியின் முகம் வெளிறிப்போனது. "வெளிச்சத்துல தூங்க முடியாம தவிக்கிறாளேன்னு..."

"இத்தனை குதிரை இருக்கு. இவளுக்கு மட்டும் ஏன்?"

"இவளைத்தானே எல்லாரும் மலடி மலடின்னு கரிச்சுக் கொட்டினாங்க. பொண்ணு பிறக்கிற வரைக்கும் உங்க வீட்ல என்னைச் சொன்ன மாதிரியே. நான் அப்போ ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கியிருப்பேனா? இவளாவது தூங்கட்டும்னு நினைச்சேன்."

வெளியே ஹாரன் அலறியது. அண்ணன் கயிற்றோடு உள்ளே வந்தார்.

"ரெண்டு பேரும் என்ன மசமசன்னு நிக்கிறீங்க? தள்ளுங்க."

"அண்ணே, இவ மலடின்னு சொல்ல முடியாது. கண்ணைக் கட்டி வச்சிருந்திருக்காங்க, விளக்கு வெளிச்சமே படலை. பகல் நீளுற வரைக்கும் பொறுங்க."

"இந்தப் பொறுங்கவை எத்தனை தடவைம்மா கேட்பேன்?"

அண்ணி குறுக்கே வந்து நின்றாள். புருஷனிடம் குரலை உயர்த்தியே பழக்கமில்லாதவள். "இவளை ஏத்துறதா இருந்தா என்னையும் சேர்த்து ஏத்திவிடுங்க. இவளுக்கு வச்ச பேரைத்தானே அன்னிக்கு எனக்கும் வச்சீங்க?"

லாரிக்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான். "இருடா, வரேன்" என்று அண்ணன் வெளியே பார்த்துக் கத்தினார். "லாரியைத் திருப்பி அனுப்பிட்டு வரேன்" என்று யாரையும் பார்க்காமல் முணுமுணுத்துவிட்டு, கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

அண்ணி முக்காட்டின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். டாக்டரும் சேர்ந்து அவிழ்த்தாள். சாம்பல் விளக்கைப் பார்த்துக் கண்ணைக் கொட்டியது.

"பாருடி, நல்லாப் பாரு" என்றாள் அண்ணி அழுதுகொண்டே.