எறும்பு வந்த துணி

...அப்படியானால் எறும்பு எங்கிருந்து வந்ததாம், டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், குழந்தையின் மூத்திரத் துணியில் எறும்பு மொய்த்ததைக் கண்ணால் பார்த்தவள் கரோலின்தானே, ஜெனிஃபாவுக்கு அப்போது மூன்று மாதம், ஷிப்டு முடிந்து வந்து பார்த்தால் தொட்டிலடியில் கறுப்பாக ஒரு கோடு ஊர்கிறது, பக்கத்தில் ஒன்றும் அறியாதவள் மாதிரி இன்பம். கரோலின் வீட்டுக்காரன் ரெனால்டின் அக்கா, புருஷன் விட்டுப்போனதும் தம்பி வீட்டோடு வந்து ஒண்டியவள், கரோலின் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போனால் குழந்தையை இவளிடம்தான் விட்டுப்போக வேண்டும்... பாலில் சர்க்கரை கலந்திருப்பாள், இல்லையென்றால் தேனைத் தொட்டு நாக்கில் வைத்திருப்பாள், வேறெப்படிக் கைக்குழந்தைக்குச் சர்க்கரை வியாதி வரும்? இரண்டு வருஷமாகக் காலையும் மாலையும் அந்தப் பிஞ்சுத் தொடையில் ஊசி குத்தும்போதெல்லாம் மனசுக்குள் திட்டுவது இன்பத்தைத்தான். காலை டீ போட்டதும் டப்பாவில் சர்க்கரையைச் சமமாக்கி விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவாள், சாயங்காலம் திறந்து பார்ப்பாள், ஒரு நாளாவது கோடு கலைந்திருக்க வேண்டுமே, கலைந்ததே இல்லை, அதுவே பெரிய சந்தேகமாகிவிட்டது, கைகாரி, வெளியில் வாங்கிக் கொடுக்கிறாள். ராணிப்பேட்டை ஹாஸ்டல் ஒன்றில் சமையலுக்கு ஆள் தேவையாம், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் ரெனால்டிடம் சொல்லி இவளை அனுப்பிவிட வேண்டியதுதான்.

வேலூரிலிருந்து திரும்பும் பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டிவிட்டது, இன்பத்தின் மடியில்தான் ஜெனிஃபா தூங்குகிறாள், பெற்றவள் பக்கத்தில் இருக்கும்போதே அவள் மடி கேட்கிறது, அதிலும் ஓர் எரிச்சல். வேலூரில் டாக்டர் அறைக்குள் இன்பத்தை விடவில்லை, கரோலின் மட்டும்தான் போனாள், போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெளிநாட்டுக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு வந்திருந்தது. உடம்பில் ஒவ்வொரு செல்லும் புரதம் செய்கிறதாம், செய்ததைச் சரியாக மடிக்கவும் வேண்டுமாம், மடிப்பு தப்பியது குவிந்துபோனால் ‘நிறுத்து, முதலில் இதை ஒழுங்கு பண்ணு’ என்று சொல்ல உள்ளேயே ஓர் ஆள் மாதிரி ஒன்று உண்டாம், ஜெனிஃபாவுக்குப் பிறவியிலேயே அது வேலை செய்யவில்லை. இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்தோ என்னவோ அவர் மெதுவாகச் சொன்னார், புரியாமலென்ன, ஆறு வருஷமாக ஃபோல்டிங் டேபிளில் தோலின் ஓரத்தில் பசை தடவி மடித்துத் தட்டுகிறவள். மடிப்பு தப்பிய பீஸ் குவிந்தால் சூப்பர்வைசர் கலீமுல்லா பெல்ட்டை நிறுத்திவிடுவார், மகள் நிக்காஹுக்கு அவர் லீவு போட்ட அன்று நிறுத்த ஆளில்லை, மத்தியானத்துக்குள் டேபிளே தெரியாமல் குவிந்து மொத்த லாட்டும் பாழ். அப்படித்தானா, என் பிள்ளை வயிற்றில் இன்சுலின் செய்கிற செல்லெல்லாம் நிறுத்தத் தெரியாமல் செய்து செய்தே செத்ததா, கால் எலும்பு வளராததும் அதனால்தானா... காய்ச்சல் வந்தால் ஈரல் தாங்காது, உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றார். யாரும் எதையும் கொடுத்து வருவதில்லை, அம்மாவிடமிருந்து பழுதான ஜீன் ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்துவிட்டது என்றார். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார், ஆமாம், தாய்மாமன் மகன். உங்கள் குடும்பத்தில் இதற்கு முன் குழந்தை ஏதாவது தவறியிருக்கிறதா? இல்லை சார் என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

இல்லையா? நிஜமாகவே இல்லையா? அம்மா சவுரியம்மாளிடம் எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் இரண்டு என்றுதான் சொல்வாள், ஞானஸ்நானம் கொடுக்குமுன் போன பிள்ளைக்கு அந்த வீட்டில் பேரும் கிடையாது, கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தியும் கிடையாது, கணக்கில் வராத பிள்ளை, அதனால்தான் வாயிலும் வரவில்லை. ஆனால் ஒருநாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, பன்னிரண்டு வயசுக் கரோலினிடம் அம்மா சொல்லவில்லையா, உனக்கு முன்னாடி ஒண்ணு, நாப்பது நாள்தான், தொட்டில் துணியெல்லாம் எறும்புடி, உங்கப்பங்கூடப் பொறந்த அத்தக்காரிதான் வெல்லத்தண்ணி குடுத்துக் கொன்னுட்டா... அந்த அத்தையோடு அம்மா கடைசிவரை பேசவில்லை, செத்ததற்குக்கூடப் போகவில்லை. இந்தப் பேச்சு இத்தனை நாளும் எங்கே போய் ஒளிந்திருந்தது?

மாதனூர் வரப்போகிறது என்று குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்ட இன்பம், ஜன்னலைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள்.

“டாக்டர் இன்னா சொன்னாரு கரோலின்? நான் ஏதாச்சும் குடுத்துட்டன்னு சொன்னாரா?”

“இல்ல அண்ணி... யாரும் குடுத்து வர்றதில்லயாம்.”

இன்பம் தலையை ஆட்டினாள். “நீ கோடு போட ஆரம்பிச்சதுலேர்ந்து நான் டீக்குக்கூட சக்கர போட்டுக்கறதில்ல” என்றாள், குரலில் கோபமே இல்லை.

தெரிந்திருக்கிறது, இரண்டு வருஷமாகத் தெரிந்தே இருந்திருக்கிறாள், அந்த எறும்புத் துணியையும் இவள்தானே தினம் தினம் துவைத்தாள்... மன்னிச்சிடுங்க அண்ணி என்று இப்போது சொல்ல வேண்டும், ஒரே ஒரு வார்த்தை, அம்மா அத்தையிடம் சொல்லாமலேயே போன வார்த்தை, சொல்லிவிடலாம், பஸ் நிற்பதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் கரோலின் திரும்பினாள், ஆனால் கண் மட்டும் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த இன்பத்தின் விரல்களுக்குப் போனது, ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று.