சாமி எவ்வளவு குடிக்கும்?

பிச்சையாவைக் குடிகாரர் என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவன் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்திருப்பான் அவருடைய தம்பி சுடலைராஜ். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் உளுந்தும் மிளகாயும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். கல்யாண வீட்டில் நாலு பேர் ஒதுங்கிப் பாட்டிலைத் திறந்தால், அந்தப் பக்கமே போகாத மனுஷன் பிச்சையா. சுடலைமாடசாமி அவர்மேல் இறங்கும்போது மட்டும் கதையே வேறு. சாமி பிராந்தி கேட்கும். பாட்டிலைத் திறந்து கொடுக்கிற வேலை தம்பியுடையது. தண்ணீர்கூடக் கலக்காமல் கடகடவென்று உள்ளே போகும். ஆட்டம் நின்றதும் அண்ணனுக்கு ஒன்றும் நினைவிருக்காது. பிச்சையா ஆடினால் துடியான ஆட்டம் என்று பெயர் பரவி, ஊர் ஊராகக் கோயில் கொடை விழாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். பங்குனியில் தொடங்கினால் ஆவணி வரை சாமிக்கு ஓய்வே கிடையாது.

அந்த வருஷம் ஆவணிக் கடைசியில் பிச்சையா புஞ்சைக் காட்டில் சுருண்டு விழுந்தார். மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகு வரை துளைத்தது. வாந்தி நிற்கவில்லை. கேஸாக இருக்கும் என்று சோடா வாங்கிக் கொடுத்த புத்திசாலி வேறு யாருமில்லை, சுடலைராஜ்தான். மதினி ஆவுடைத்தாய் அவனோடு வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. ஆட்டோவைப் பிடித்துப் புருஷனைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

கணையம் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. பெரும்பாலும் இதற்கு இரண்டு காரணம்தான். பித்தப்பையிலிருந்து கல் நழுவி வந்து வழியை அடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடி. குடிப்பீர்களா என்று கேட்டதற்கு, வலியிலும் பிச்சையா தலையை அசைத்து மறுத்தார். அண்ணனுக்கு அந்த வாடையே ஆகாது என்று சுடலைராஜ் சத்தியம் செய்தான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் அறிந்தவரை அதுதான் உண்மை.

ஸ்கேனில் கல் இல்லை. ரத்தத்தில் கொழுப்பும் கால்சியமும் அளவோடு இருந்தன. ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா, வயிற்றில் அடிகிடி பட்டதா என்றும் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. காரணம் தெரியாமல் அனுப்பினால் இது திரும்பவும் வரும், இதைவிட மோசமாக வந்தால் ஆள் தங்குவது கஷ்டம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஆவுடைத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவிய குடிக்க மாட்டாவ டாக்டரம்மா. சாமி குடிக்கும்."

 சாமி காரியத்தை ஆஸ்பத்திரியில் வைத்துப் பேசுவதா என்று சுடலைராஜ் மதினியை முறைத்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதற்காக அந்த அம்மாளையும் பாராட்டத்தான் வேண்டும்.

"சாமி எவ்வளவு குடிக்கும்?" என்று கேட்டார்.

கொடைக்கு ஒரு முழுப் பாட்டில், சில ஊரில் அதற்கு மேலும் என்று ஆவுடைத்தாய் மறைக்காமல் சொன்னாள். மாசக்கணக்கில் இப்படி என்றும் சொன்னாள். டாக்டரம்மா அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, சாமிக்கு ஒன்றும் செய்யாதும்மா, ஆனால் அது போய் விழுகிற வயிறு மனுஷ வயிறு, இனி அதில் ஒரு சொட்டு விழக்கூடாது என்றார்.

பிச்சையா பிழைத்து வந்தார். வெளியூர்க் கொடைகளைக் கும்பிட்டு மறுத்துவிட்டார். சொந்த ஊர்க் கொடையை எப்படி மறுப்பது? சாமி வந்துவிட்டால் தன் கையில் என்ன இருக்கிறது என்று அவர் கலங்கினார். ஆவுடைத்தாய் கோயில் தலைவர் தங்கப்பாண்டியன் வீட்டுக்குப் போய், படையலில் பாட்டில் வைக்க வேண்டாம் என்று கேட்டாள். காலங்காலமாக வைப்பதை நிறுத்தினால் ஊருக்கு ஆகாது, சாமியிடம் போய் யார் சொல்வது என்று அவர் கையை விரித்தார்.

"யாரும் சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கிடுதேன்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

சித்திரையில் மத்தியானக் கொடை. மேளம் உச்சத்தில் இருந்தது. வல்லய ஈட்டியை ஊன்றி ஆடிய சாமி, சுடலைராஜைப் பார்த்துக் கையை நீட்டியது. திறந்த பாட்டிலோடு அவன் எட்டவே நின்றான். கொடுத்தால் அண்ணன் போய்விடுவார். கொடுக்காவிட்டால் சாமி குத்தம். மீசை முறுக்கின ஆம்பிளைகள் அங்கே அத்தனை பேர் நின்றார்கள், ஒருத்தரும் முன்னால் வரவில்லை. பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆவுடைத்தாய் வந்து வல்லயத்துக்கு எதிரே நின்றாள்.

"அய்யா, ஒமக்கு இல்லைன்னு நான் சொல்லல. நீரு வந்து எறங்குற ஒடம்பு உள்ள புண்ணாக் கெடக்கு. இதுக்குள்ள ஊத்துனா அடுத்த கொடைக்கு ஒமக்கும் ஆளு கெடையாது, எனக்கும் ஆளு கெடையாது. மண்ணுல வாங்கிக்கிடும்."

மேளக்காரர்கள் அடிப்பதை விட்டுவிட்டார்கள். சாமி அவளையே உற்றுப் பார்த்தது. அவளும் கண்ணை எடுக்கவில்லை. சுடலைராஜ் அத்தனை காலம் மதினி என்று கூப்பிட்டிருக்கிறான். அவள் யார் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. சாமி பாட்டிலைப் பிடுங்கி வாய் வரைக்கும் கொண்டுபோனது.  அப்படியே கை தாழ்ந்து, பீடத்தின் முன்னால் பாட்டில் கவிழ்ந்தது. கரிசல் மண் மிச்சம் வைக்காமல் குடித்தது.

ஆட்டம் நின்று, வேப்பமரத்தடியில் கிடந்த பிச்சையா மெல்லக் கண்ணைத் திறந்தார். தம்பி கையிலிருந்த காலிப் பாட்டில்தான் முதலில் கண்ணில் பட்டது. முகம் செத்துப்போனது. வயிற்றைத் தடவினார். உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தார்.

"குடிச்சிட்டேனாலே?"

"இல்லண்ணே. மதினி கேட்டாவ. சாமி விட்டுக் குடுத்துட்டு."

பிச்சையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.