ஒண்ணுமே இல்ல

அப்பாவின் கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது. அதில் ஆறு மூஞ்சிகள். முதல் மூஞ்சி ஈயென்று இளித்தது, கடைசி மூஞ்சி கண்ணீர் விட்டது. கீழே பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். அதைப் பார்த்துத் தன் வலிக்கு நோயாளியே மார்க் போட வேண்டுமாம்.

"ஐயா, வலி எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள் நர்ஸ்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அப்பா. நெற்றியெல்லாம் வியர்வை.

ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யம்தானே? அவள்மேல் தப்புச் சொல்ல முடியாது. பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். இடுப்பெலும்பு முறிந்து கம்பி வைத்த நாளிலிருந்து சார்ட்டில் வரிசையாக முட்டை, முட்டை, முட்டை.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சின்னவன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள அத்தனை மாடிகளுக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். அப்பா மட்டும் லிஃப்டே இல்லாத கட்டடத்தில், இரண்டாவது மாடியில், தனியாகக் குடியிருந்தார். என்னோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டால் அதற்கும் அதே பதில்தான், எனக்கென்னடா, ஒண்ணுமில்ல.

அந்தக் குடும்பத்தில் அந்த வார்த்தைக்குத் தனி அகராதியே உண்டு. "ஒண்ணுமில்லடா" என்றால் தலைவலி. "ஒண்ணுமில்ல, விடு" என்றால் இரண்டு நாளாகக் காய்ச்சல். நடுவில் ஒரு 'மே' சேர்த்து "ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டாரோ, போட்டதைப் போட்டபடி போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். ஆயுளில் இரண்டே தடவைதான் அப்படிச் சொல்லியிருந்தார். ஒன்று, அம்மா போன அன்று. இன்னொன்று, பல்பு மாட்டுகிறேன் என்று நாற்காலிமேல் ஏறி விழுந்த அன்று. தரையில் கிடந்தபடியே போன் போட்டு, "ஒண்ணுமே இல்லடா, நீ வேலைய முடிச்சிட்டு மெதுவா வா" என்றார். சின்னவன் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. லிஃப்ட் குழிக்குள் இருந்தேன், 'மே' காதில் விழவில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான். முதல்ல காதை டெஸ்ட் பண்ணுடா என்று திட்டினான் பெரியவன்.

பெரியவன் இருப்பது தூர தேசத்தில். தினமும் வீடியோவில் வந்து அப்பாவைத் தேற்றுவான். அன்று காலையும் வந்தான்.

"அப்பா, நீங்க சிங்கம்பா! வலி எல்லாம் மனசுலதான் இருக்கு. பாசிட்டிவா இருங்க!"

சிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கம் பெரியவன் காபியை உறிஞ்சினான். சின்னவனுக்கு அந்தப் போனை அப்படியே ஜன்னல் வழியாக விட்டெறியலாம் போல ஆத்திரம் வந்தது.

விஷயம் என்னவென்றால், மேல் மாடியில் நடை பழக்கும் வார்டில் ஒரே ஒரு கட்டில் காலியாக இருந்தது. வலி அதிகம் இருக்கிறவர்களை அங்கே மூன்று வாரம் வைத்து, மருந்து கொடுத்து நடக்கப் பழக்குவார்கள். வலி இல்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடென்றால் அந்த இரண்டு மாடிப் படிகள்தான். இன்னொரு தடவை விழுந்தால் தாங்காது என்று எக்ஸ்ரே எடுத்தவரே சொல்லியிருந்தார்.

பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். பின்னாலேயே நான்கு சின்ன டாக்டர்கள். அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, சார்ட்டைத்தான் பார்த்தார்.

"அடடா, எல்லாம் ஜீரோ! பிரமாதம். வீட்டுக்குப் போலாமா பெரியவரே?"

"தாராளமா" என்றார் அப்பா, கட்டில் கம்பியை இறுகப் பிடித்தபடி.

"டாக்டர், அவருக்கு உயிர் போற வலி" என்று எழுந்தான் சின்னவன்.

"அவரே இல்லைங்கறாரே?"

"அவர் எப்பவுமே அப்படித்தான் சொல்லுவாரு."

டாக்டர் சார்ட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அதை எழுத இதுல கட்டம் இல்லையேப்பா."

நான்கு சின்ன டாக்டர்களும் கட்டம் இல்லை என்று தலையாட்டினார்கள். சின்னவன் அவர்களை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினான்.

"அப்பா, விழுந்த அன்னிக்கு போன்ல என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"இல்ல. 'ஒண்ணுமே இல்ல'ன்னு சொன்னீங்க. குழிக்குள்ள இருந்தேன்னு நான் சொன்னது பச்சைப் பொய்ப்பா. வெளியில டீக்கடையிலதான் நின்னேன். 'மே' நல்லாவே கேட்டுச்சு. இன்னும் ரெண்டு லிஃப்ட் பாக்கி இருந்துச்சு. அதான் நீங்களே மெதுவா வாடான்னு சொல்லிட்டீங்களேன்னு..." நாற்பத்தாறு வயது ஆள், வார்டு முழுக்கப் பார்க்க மூக்கை உறிஞ்சினான். "இனிமே எனக்காக மறைக்காதீங்கப்பா."

அப்பா கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"தெரியும்டா" என்றார். "டம்ளர் சத்தம் கேட்டுச்சு."

பிறகு கையை நீட்டி நர்ஸைக் கூப்பிட்டார்.

"ஒம்பதும்மா."

அவள் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினாள். டாக்டர் இப்போதுதான் முதல் தடவையாக அப்பாவின் முகத்தைப் பார்த்தார். மேல் மாடிக்கு மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பரிவாரத்தோடு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

நர்ஸ் மட்டும் நின்றாள். சின்னவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தான், தோள் குலுங்கியது.

"என்ன சார், உங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமே இல்ல சிஸ்டர்."

"அவனுக்குப் பத்துன்னு எழுதிக்கோம்மா" என்றார் அப்பா.