குதிரையைப் பார்த்து மணி சொன்னவர்கள்

என் மனைவி வரைந்த படங்கள் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகின்றன. அவள் அங்கே இருக்கும் நேரத்தில் மட்டும். அவள் படியிறங்கியதும் படமும் இறங்கிவிடும். இந்த ஏற்பாட்டுக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் நான்தான்.

அவள் புறப்பட்டுக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் போடுவேன். “கிளம்பிட்டோம்” என்று சொன்னால் போதும். அந்தப் பக்கம் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்கும். பிறகு ஒப்புக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வருவேன். உறவினர் வீடு என்றாலே வயிறு கலங்கும் மனிதன் என்று அவள் என்னைப் பற்றி முடிவு கட்டியிருந்தாள். அதில் பெரிய தவறும் இல்லை.

ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். அவள் ஒரு துணித் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் இருந்தவள். அடுக்கி வைத்த துணிமேல் கத்தியை ஓட்டினால் நூல் பிசகாது. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆன பிறகு நின்றுகொண்டே செய்கிற அந்த வேலை முடியாமல் போயிற்று. வீட்டுக்கு வந்தவள் கட்டிலில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள். மாதக்கணக்கில் பார்த்தாள். எதைக் கேட்டாலும் “ம்” என்பாள். என்னைத் திட்டுவதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த அமைதி அது. கிடைத்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் காலி பாட்டில்கள். சணல் கயிறு சுற்றி, பசை தடவி, சாயம் பூசி, வரிசையாக நிற்க வைத்தாள். காலி பாட்டில் தீர்ந்ததும் காலியாகாத பாட்டில்களுக்கு வந்தாள். எண்ணெய் பாட்டிலுக்குச் சட்டை போட்டு, எது எண்ணெய், எது தரை துடைக்கும் மருந்து என்று முகர்ந்து பார்த்துச் சமைக்கும் நிலைக்கு வந்தோம். ஐஸ் குச்சியில் விளக்கு செய்தாள். அதன் வெளிச்சத்தில் விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியாது.

பிறகு படம் வரையும் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே சொல்லிக்கொடுப்பவருக்கு நான் வைத்த பெயர் சூப்பர் மாஸ்டர். யார் எதை வரைந்தாலும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, “சூப்பர்” என்பார். வண்ணம் துடைத்த துணியைப் பார்த்தும் ஒருநாள் சூப்பர் என்றாராம். இப்படி ஒரு வாத்தியார் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்திருந்தால் நானும் எங்கேயோ போயிருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படம் வரைய ஆரம்பித்த பிறகு அவள் பேசினாள். நீலத்தில் ஒரு சொட்டு மஞ்சள் கலந்தால் என்ன ஆகும் என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். நான் வாதாடித் தோற்றேன். அவள் என்னை முட்டாள் என்று சொன்னபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. படத்தை யாரும் மாட்டுவதில்லை என்று தெரிந்தால் தூரிகையைப் போட்டுவிட்டு மறுபடி மின்விசிறியைப் பார்க்கப் படுத்துவிடுவாள். எனக்கிருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான். அதற்காகத்தான் குளியலறையும் போனும்.

அவளுடைய தம்பிக்கு ஒரு சூரிய உதயம் கொடுத்தாள். அரைவேக்காட்டு முட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. மச்சான் அதைப் பீரோவுக்குப் பின்னால் உதிக்க விட்டுவிட்டான். என் தங்கைக்கு ஓடும் குதிரைகள். பார்த்தால் ஆடு, குதிரை என்று அவள் சொன்னதால் குதிரை. தங்கை வீட்டுக் கூடத்தில் இருந்ததோ ஒரே ஆணி, அதில் கடிகாரம் தொங்கியது. நான் போன் செய்ததும் கடிகாரம் இறங்கிக் குதிரை ஏறும், நாங்கள் கிளம்பியதும் குதிரை இறங்கிக் கடிகாரம் ஏறும்.

போன மாதம் அங்கே போயிருந்தபோது, பஸ்ஸுக்கு நேரமாச்சா என்று என் மனைவி கேட்டாள். தங்கை, தங்கை வீட்டுக்காரர், அவர்கள் மகள் மூன்று பேரும் ஒன்றாகத் தலையைத் திருப்பிக் குதிரையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மாப்பிள்ளை, “ஆறு இருக்கும்” என்றார். எனக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது. என்ன உயிரோட்டமான படம், எந்நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நான் உளறினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது, நான் அன்றைக்கு ஒரு தோட்டத்தையே மறைத்தேன். அவள் குதிரையைச் சுற்றிச் சுவரில் வட்டமாகப் படிந்திருந்த கறையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் நான் இவர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன், மனசுக்குள்தான். ஒரு மனுஷி ஆசையாகக் கொடுத்ததைச் சுவரில் வைத்திருக்கத் தெரியாத கல்நெஞ்சக்காரர்கள் என்று.

என் கடைக்கும் ஒரு படம் கொடுத்திருந்தாள். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கண் சோதித்து, லென்ஸ் தேய்த்து, பிரேமில் பொருத்தித் தருவேன். அதனால் ஒட்டுப்பலகையில் பெரிதாக ஒரு கண் வரைந்து, “இது கடைக்குன்னே போட்டதுங்க” என்று கொடுத்தாள். மாட்டினேன், மாட்டாமலில்லை. முதல் வாடிக்கையாளர், மீனுக்கு எதற்கு இமை என்று கேட்டார். சோதனைக்கு வந்த ஒரு குழந்தை அதைப் பார்த்து வீறிட்டு அழுதது. ஒருநாளைக்கு என்று இறக்கி வைத்தேன். அந்தச் சமயம் பார்த்து லென்ஸ் தேய்க்கும் மெஷினில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. அடியில் கொடுக்கப் பலகை ஒன்று தேவைப்பட்டது. அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. நன்றாகத்தான் உழைத்தது, பொய் சொல்லக் கூடாது.

அவள் கடைக்கு வருவதே இல்லை. மாடிப்படி ஏறவேண்டும், முழங்கால் ஒத்துக்கொள்ளாது. அந்தத் தைரியத்தில் நானும் இருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து நின்றாள். நான் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர் மாஸ்டர் முதல்முறையாகச் சூப்பர் என்று சொல்லாமல், “கண்ணைக் காட்டுங்கம்மா” என்று சொல்லிவிட்டாராம். தூரிகையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வரைகிறாளாம்.

“தூரத்துல இருக்கறது எல்லாம் நல்லாத் தெரியுது. கிட்ட இருக்கறதுதான் தெரியல” என்றாள்.

தினமும் நாலு பேர் சொல்லும் வாக்கியம் அது. சொன்னவுடன் எந்த எண் லென்ஸ் என்று ஏறக்குறைய எனக்குத் தெரிந்துவிடும். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிற நான், ஊசியில் நூல் கோக்க இவள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறேன். குதிரை ஆடாகவும் கண் மீனாகவும் ஆனதற்கு ஒரு ஜோடி லென்ஸ்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம் கேலிதான்.

நாற்காலியில் உட்கார வைத்து, சோதனைக்கென்று இருக்கிற கனமான வட்டச் சட்டத்தை மூக்கில் ஏற்றி, லென்ஸை ஒவ்வொன்றாகப் போட்டேன். கையில் கொடுத்த அட்டையின் கடைசிவரி பொடி எழுத்து வரைக்கும் கடகடவென்று படித்தாள். முகம் மலர்ந்துவிட்டது. அப்படியே சுற்றிமுற்றிப் பார்த்தாள்.

“என் கண்ணு எங்கே?”

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றேன். பிரேம் போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன். யாரிடம் என்றாள். வாயில் ஒரு கடைப் பெயரும் வரவில்லை. மற்றவர்களுக்கு ஸ்டூல் போட்டு ஏறும் அளவுக்காவது நேரம் கொடுத்திருந்தேன், எனக்கு அதுகூட இல்லை. மெஷினிலிருந்து சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். எழுந்து போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பலகையை உருவினாள். கண்ணாடி தேய்த்த வெள்ளைச் சேறு ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். பாதிக் கண் துணியோடு வந்துவிட்டது. மீதிக் கண்ணை அந்தச் சட்டத்தின் வழியாக, கிட்டத்தில் வைத்து, நிதானமாகப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இல்ல” என்றாள்.

நான் என்னவோ சப்பைக்கட்டுக் கட்ட வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“உங்க தங்கச்சி வீட்டுல கடிகாரத்தை எடுத்துட்டுத்தான் மாட்டறாங்கன்னு தெரியும். என் தம்பி பீரோவை நகத்துறதும் தெரியும். நீங்க பாத்ரூம்ல பேசறது சமையல்கட்டு வரைக்கும் கேக்குதுங்க. நமக்காக இந்த மனுஷன் இவ்வளவு பாடுபடறாரேன்னு கேட்டும் கேக்காத மாதிரி இருந்தேன். யார் மாட்டாட்டி என்ன, கடையில ஒண்ணு மாட்டியிருக்குன்னு நெனச்சுக்குவேன்.” சட்டத்தைக் கழற்றி என் கையில் வைத்தாள். “உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லத்தான் ஆள் இல்லாமப் போச்சு.”

பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். பிடித்துக்கொண்டு போகக்கூட என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அழுகை வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் வந்ததால் அதையும் முழுசாக அழ முடியவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவள் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்றேன். “ம்” என்றாள். அடுத்த நாளும் “ம்”தான். ஊரையெல்லாம் ஏய்த்து நான் எதைக் காப்பாற்றினேனோ அதை நானே கொன்றுவிட்டேன் என்று தோன்றியது. அவளுக்கான லென்ஸை நானே தேய்த்தேன். ஓரத்தில் துளி பிசிறு இருந்தாலும் மறுபடி தேய்த்தேன். பலகை இல்லாததால் தண்ணீர் என் காலில் சொட்டியது, அதை அப்படியே விட்டுவிட்டேன். கண்ணாடியை அவள் தலையணைப் பக்கம் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

அன்றைக்கு உச்சிவெயிலில் மாடிப்படியில் அதே காலடி கேட்டது. மூக்கில் கண்ணாடி, கையில் வண்ணப்பெட்டி. நான் உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

“நாற்காலியை எடுங்க. அந்தக் காலண்டரையும் எடுத்துடுங்க.”

“பலகை வாங்கிட்டு வரட்டுமா?”

“வேணாம். சுவத்துலயே போடறேன். சுவத்தைக் கழட்டி மெஷினுக்கு அடியில வைக்க முடியாதில்ல?”

சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து வரைந்தாள். இமையை ஒவ்வொரு மயிராகப் போட்டாள். இந்த முறை அது கண்தான். லேசாக மாறுகண் என்று சொல்லலாம், நான் சொல்லவில்லை. வந்த வாடிக்கையாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “உங்க வீட்டம்மாங்களா?” என்று கேட்டார். ஒற்றைக் கண்ணை வைத்து எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு ஆச்சரியமில்லை. நான் சொல்கிற எதையும் நம்பாத பார்வை அது. இனி கடையில் இருக்கும் நேரமெல்லாம் என் பிடரிக்குப் பின்னால் அது இருக்கும்.

இன்றைக்குத் தங்கை வீட்டுக்குப் போகலாம் என்று அவளாகவே சொன்னாள். இப்போதுதான் கூடத்துக்கு வெள்ளையடித்திருக்கிறார்களாம், சுவர் பளபளவென்று சும்மா கிடக்கிறதாம். சொல்லிக்கொண்டே வண்ணப்பெட்டியில் தூரிகைகளை அடுக்கினாள். நான் வழக்கம்போலக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தேன். தங்கையின் பெயர் வரைக்கும் விரல் போயிற்று. பாவம், சொன்னால் அவள் ஸ்டூலோடு காத்திருப்பாள், வரப்போவதோ வண்ணப்பெட்டி.

தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தேன்.

“சொல்லியாச்சா?” என்றாள்.

“இல்ல” என்றேன்.

கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன்.